‘ஈ.ஓ.எம். ஃபுல்’ என்று எழுதுவதற்கு முன்: எம்.எஸ். உள்ளவர்களின் கண்ணசைவைப் பரிசோதிப்பது எப்படி?

மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவர்களின் கேஸ் ஷீட்டில் கண்ணசைவுக்கென்று இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘ஈ.ஓ.எம். ஃபுல்’, அதாவது கண்ணசைவு முழுமை. பரிசோதித்தவர் விரலை எச் வடிவில் ஓட்டியிருப்பார், இரண்டு கண்ணும் ஓரம் வரை போயிருக்கும், அவரும் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அந்த வரி பொய்யில்லை. ஆனால் எம்.எஸ்.ஸில் கண்ணசைவு கெடும் விதமே வேறு. கண் எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் கோளாறு முதலில் தெரியும். விரலை மெல்ல ஓட்டிப் பார்ப்பவருக்கு வேகம் தெரியவே தெரியாது.

ஆப்டோமெட்ரி மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், நரம்பியல் பிரிவுக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எம்.எஸ். உள்ளவர்களும் படிக்கலாம். பரிசோதனை அறையில் தங்களை ஏன் அப்படியெல்லாம் பார்க்கச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். வி.இ.பி., ஓ.சி.டி. இரண்டும் கண்ணசைவுப் பரிசோதனைகள் அல்ல. முன்னது பார்வை நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு நேரத்தில் மூளையின் பின்பகுதிக்குப் போய்ச் சேருகிறது என்று அளக்கிறது. பின்னது விழித்திரையின் அடுக்குகளை அளக்கிறது. அவை பார்வை உள்ளே போகும் பாதையைச் சொல்பவை. நாம் பார்க்கப்போவது மூளையிலிருந்து கண் தசைகளுக்கு வரும் கட்டளையை.

எங்கே பழுதாகிறது?

வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் வலக்கண் வெளிப்பக்கமும் இடக்கண் மூக்குப் பக்கமும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். கட்டளை மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில், ஆறாம் நரம்பின் கருவிலிருந்து புறப்படுகிறது. அங்கிருந்து ஒரு கிளை அதே பக்கக் கண்ணின் வெளித்தசைக்குப் போகும். இன்னொரு கிளை நடுக்கோட்டைத் தாண்டி, எம்.எல்.எஃப். என்ற நரம்பிழைக் கட்டு வழியாக மேலேறி, எதிர்ப்பக்க மூன்றாம் நரம்பின் கருவை அடைந்து அந்தக் கண்ணின் உள்தசையை இயக்கும்.

இந்த எம்.எல்.எஃப். மூளைத்தண்டில் நடுக்கோட்டை ஒட்டி, மூளைநீர் ஓடும் இடத்துக்கு மிக அருகில் போகிறது. இழைகளில் மையலின் உறை தடிமனாக இருக்கும். எம்.எஸ். தாக்குவது அந்த உறையைத்தான். அப்படித் தாக்கும்போது வரும் கோளாறுக்கு இன்டர்நியூக்ளியர் ஆஃப்தால்மோப்ளீஜியா என்று பெயர். வார்டில் எல்லாரும் ஐ.என்.ஓ. என்றுதான் சொல்வார்கள். வயதானவருக்குத் திடீரென ஒரு பக்க ஐ.என்.ஓ. வந்தால் முதலில் பக்கவாதத்தை நினைக்க வேண்டும். இளம் வயதினருக்கு இரண்டு பக்கமும் இருந்தால் எம்.எஸ். நினைவுக்கு வர வேண்டும்.

உறை போன இழையால் மெதுவான செய்திகளைக் கொண்டுபோக முடியும். அடுத்தடுத்து வெடித்துக் கிளம்பும் மின்துடிப்புகளை மட்டும் கொண்டுபோக முடியாது. விரலைப் பின்தொடர மெதுவான செய்தியே போதும், அதனால் கண் ஓரம் வரை போய்விடும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தாவ, அதாவது சக்காட் செய்ய, அந்த வெடிப்பு வேண்டும். அங்கேதான் கண் பின்தங்கும். விரலை ஓட்டிப் பார்ப்பதோடு ஏன் நிற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அறையும் ஆளும்

வந்தவரை உடனே உட்காரவைத்துத் தொடங்காதீர்கள். மே மாத வெயிலில் பஸ் பிடித்து, படியேறி வந்தவருக்கு உடல் சூடு ஏறியிருக்கும். உடல் சூடு கூடினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890-இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஐ.என்.ஓ.வும் இதற்கு விலக்கல்ல. சூட்டில் உள்தசையின் வேகம் இன்னும் குறையும். ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் உட்காரவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். சூடு தணிந்ததும் மறைந்துவிடும் தடுமாற்றம் புதிய தாக்குதல் ஆகாது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரமாவது நீடித்தால்தான் அதைத் தாக்குதல் என்று எண்ண வேண்டும். நோயாளியின் பயத்தைக் குறைக்கும் தகவல் இது, வாய்விட்டே சொல்லுங்கள்.

அடுத்து மருந்துச் சீட்டு. முகவலிக்கோ தசை இழுப்புக்கோ கார்பமாசெபைன் எடுப்பவருக்கும், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவருக்கும், ஓரம் பார்க்கும்போது நிஸ்டாக்மஸ் வரலாம். நிஸ்டாக்மஸ் என்பது கண் தானாகத் திரும்பத் திரும்ப ஆடுவது. தூக்க மாத்திரையும் முந்தைய இரவுக் குடியும் தாவல்களை மந்தமாக்கும். இவற்றைக் கேட்காமல் எழுதும் முடிவுக்கு மதிப்பில்லை. தூக்கம் எப்படி, இன்று களைப்பாக இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காது கொடுங்கள். ‘இரட்டையாகத் தெரிகிறதா?’ என்று மட்டும் கேட்டால் பலர் ‘இல்லைங்க’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அவர்களே, ‘படிக்கும்போது வரி தாண்டிடுது’, ‘ரோடு கிராஸ் பண்ண ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தா ஒரு செகண்ட் மங்கிடுது’, ‘நேரா இருக்கிறதெல்லாம் லேசா ஆடுற மாதிரி இருக்கு’ என்பார்கள். முதல் இரண்டும் தாவலில் கோளாறு இருக்கலாம் என்பதற்கான துப்பு. மூன்றாவது நிஸ்டாக்மஸ். மங்கல் எந்தக் கண்ணில், ஒரு கண்ணை மூடினால் போய்விடுகிறதா என்பதையும் கேளுங்கள். மூடினதும் போனால் இரு கண்களின் ஒத்திசைவில் கோளாறு. போகாவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையையே சோதிக்க வேண்டும்.

அசையாத கண்ணிலிருந்து தொடங்குங்கள்

கண்ணாடி போடுபவர் போட்டுக்கொள்ளட்டும். எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு சிறு குறியைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பாருங்கள். அவசரப்படாமல் அரை நிமிடமாவது பாருங்கள். கண் ஊசல்போல இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஆடுகிறதா? எம்.எஸ்.ஸில் வரும் ஊசல் நிஸ்டாக்மஸ் இப்படித்தான் இருக்கும், வினாடிக்கு மூன்று நான்கு முறை ஆடும். காட்சி ஆடுவது பலருக்கு இதனால்தான். கபாபென்டின், மெமன்டைன் ஆகிய மருந்துகள் சிலருக்கு இதைக் குறைக்கும். ஆகவே கண்டுபிடித்தால் நோயாளிக்கு நேரடிப் பலன் உண்டு. குறியிலிருந்து கண் சட்டென்று விலகி, ஒரு கணம் நின்று, திரும்பி வந்தால் அது வேறு வகை. சதுர அலைத் துடிப்பு என்பார்கள். எப்போதாவது ஒன்று வருவது எல்லாருக்கும் உண்டு. இடைவிடாமல் வந்தால் குறிக்க வேண்டும்.

ஆட்டம் மிகச் சிறியதாக இருந்து சந்தேகம் வந்தால், கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் டைரக்ட் ஆஃப்தால்மோஸ்கோப்பை எடுங்கள். பார்வை நரம்பின் தட்டைப் பார்த்தால் நுண்ணிய ஆட்டமும் பெரிதாகத் தெரியும். கண்ணின் பின்பகுதி முன்பகுதிக்கு எதிர்த்திசையில் அசையும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். திசையை மாற்றி எழுதுவது புதியவர்களிடம் மிகச் சகஜம்.

பிறகு ஒரு கண்ணை மறைத்துத் திறக்கும் கவர் டெஸ்ட். ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாக இருந்தால் மூளைத்தண்டில் சமநிலைப் பாதை பாதிக்கப்பட்டிருக்கலாம். இரட்டைப் பார்வை மேலும் கீழுமாகத் தெரிவதற்கு இது பொதுவான காரணம்.

இனி விரல். முகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில், எச் வடிவில், மெதுவாக. கண் வழுக்காமல் தொடர்கிறதா, வெட்டி வெட்டி எட்டிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். வெட்டினால் சிறுமூளைப் பாதையை நினைக்கலாம். ஆனால் களைப்பும் வயதும்கூட இதைச் செய்யும். ஓரத்தில் விரலை நிறுத்தும்போது நடுவிலிருந்து 30 டிகிரியைத் தாண்டாதீர்கள். கடைக்கோடியில் நிறுத்தினால் நல்ல கண்ணிலும் இரண்டு மூன்று துடிப்பு வரும், அதைக் கோளாறு என்று எழுதினால் வீண் கவலை. 30 டிகிரியில் ஐந்தாறு வினாடி நிறுத்தியும் துடிப்பு தொடர்ந்தால் குறியுங்கள். இந்தப் பகுதிக்கு இவ்வளவு போதும்.

தாவலைப் பாருங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் முகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, உங்கள் மூக்குக்கு நேராக நடுக்கோடு. அதிலிருந்து வலப்பக்கம் 18 செ.மீ. தூரத்தில் பேனா முனை, இடப்பக்கம் அதே தூரத்தில் உங்கள் விரல். இது ஏறக்குறைய 20 டிகிரி. தலையை அசைக்கக் கூடாது. எம்.எஸ்.ஸில் கண் தடுமாறுபவர்கள் தலையைத் திருப்பிச் சமாளிக்கப் பழகியிருப்பார்கள், அதனால் கூட வந்தவர் பின்னாலிருந்து தலையை லேசாகப் பிடித்துக்கொண்டால் நல்லது. சொல்லும் சொல்லில் குழப்பம் வேண்டாம்: ‘அம்மா, என் மூக்கைப் பாருங்க… பேனா… மூக்கு… விரல்… மூக்கு.’ எப்போதும் ஒரே தாளத்தில் சொன்னால் நீங்கள் சொல்லும் முன்பே கண் போய்விடும். இடைவெளியை மாற்றுங்கள், வரிசையையும் மாற்றுங்கள். கடைசியில் பேனாவிலிருந்து நேராக விரலுக்கு ஒரு பெரிய தாவல். சிறு தாவலில் ஒளிந்திருக்கும் தாமதம் பெரிய தாவலில் வெளியே வரும்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் எது? இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டையும் தவறவிடுவீர்கள். அவருடைய மூக்கின் மேல்பாலத்தில் பார்வையை நிறுத்துங்கள். அப்போது இரு கருவிழிகளும் உங்கள் பார்வையின் ஓரத்தில் இருக்கும், ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் தானாகவே உறுத்தும். மூக்குப் பக்கம் வர வேண்டிய கண் மிதந்து வருவதுபோல் தெரிந்தால், வெளிப்பக்கம் போன கண் அங்கே போய் நின்று சில துடிப்பு துடித்தால், அதுதான் ஐ.என்.ஓ.

பக்கத்தை எழுதும்போது உள்ளே வரத் தயங்கும் கண்ணின் பக்கத்தை எழுத வேண்டும். இடப்பக்கம் தாவும்போது வலக்கண் பிந்தினால் அது வலப்பக்க ஐ.என்.ஓ., பழுது வலப்பக்க எம்.எல்.எஃப்.பில். துடிக்கும் கண்தான் கண்ணில் படும் என்பதால் அந்தப் பக்கத்தை எழுதிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு.

2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவியால் ஐ.என்.ஓ. உறுதி செய்யப்பட்டவர்களை மருத்துவர்களிடம் காட்டினார்கள். கடுமையானதை ஏறக்குறைய எல்லாரும் பிடித்தார்கள். லேசானதைப் பெரும்பாலோர் தவறவிட்டார்கள். ஆகவே கண்ணுக்குச் சந்தேகம் இருக்கும்போது ‘இல்லை’ என்று எழுதாமல் ஃபோனை எடுங்கள். 20 டிகிரித் தாவல் ஒன்று முடிய 60 முதல் 70 மில்லி வினாடிதான் ஆகும். வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அது இரண்டே ஃபிரேமில் முடிந்துவிடும். ஸ்லோ மோஷனில் 240 ஃபிரேம் வைத்தால் ஏறக்குறைய பதினைந்து ஃபிரேம் கிடைக்கும். இரு கண்ணும் திரையில் விழும்படி, வெளிச்சம் நன்றாக இருக்கும்படி எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். அனுமதி கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கி, அதன் பிறகே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு அந்த அனுமதி பொருந்தாது.

ஆப்டோகைனடிக் டிரம் எனப்படும், கோடு போட்ட சுழலும் உருளை இருக்கும் இடத்தில் வேலை இன்னும் சுலபம். கோடுகள் ஓடும்போது கண் தானாகத் தாவித் தாவித் திரும்பும். கண் வெட்டுவது டிரம் ஓடும் திசைக்கு எதிராக. ஆகவே சந்தேகப்படும் கண் மூக்குப் பக்கம் வெட்டும்படி, அதற்கு எதிர்த்திசையில் டிரம்மைச் சுற்றினால், அந்தக் கண்ணின் வெட்டு மட்டும் சிறுத்துத் தளர்ந்து தெரியும்.

பக்கவாட்டில் முடிந்ததும் மேலும் கீழும் தாவச் சொல்லுங்கள். பிறகு தாவலின் துல்லியம். நல்ல கண்ணும் பெரிய தாவலில் கொஞ்சம் குறைவாக விழுந்து, சிறு திருத்தம் ஒன்று செய்துகொள்ளும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது, அதுவும் அடிக்கடி, சிறுமூளைப் பாதையைச் சுட்டும்.

ஒரு கண் இரண்டு பக்கமும் போகாமல், மறுகண் வெளிப்பக்கம் மட்டும் போகிறது என்றால் அது ஒன்றரை சிண்ட்ரோம். மில்லர் ஃபிஷர் 1967-இல் வைத்த பெயர். ஒரே பழுது ஆறாம் நரம்பின் கருவையும் பக்கத்து எம்.எல்.எஃப்.பையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

மேலும் சில சோதனைகள்

பேனாவை மெல்ல மூக்குக்கு அருகில் கொண்டுவந்து, கண்கள் குவிகின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டுத் தாவலில் உள்ளே வராத கண் குவிப்பில் நன்றாக வந்தால், தசையும் மூன்றாம் நரம்பும் நலம், பழுது வழியில்தான் என்று தெரியும். குவிப்பு கெட்டிருந்தால் எதிர்மாறாக முடிவு கட்ட முடியாது. பலருக்கு வேறு காரணங்களாலும் குவிப்பு குறைவு.

சுழல் நாற்காலி இருந்தால், இரு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களைப் பார்க்கச் சொல்லி, நாற்காலியோடு சேர்த்து அவரை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். கண் விரலிலேயே நிற்க வேண்டும். வழுக்கி வழுக்கித் துடித்தால் அதுவும் சிறுமூளைப் பாதையின் குறி. கழுத்து வலி இருப்பவருக்கும் இது தொந்தரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனோ பலர் செய்வதில்லை.

ஒன்றை எப்போதும் மனத்தில் வையுங்கள். தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் ஐ.என்.ஓ.வைப் போலவே நடிக்கும். இமை தொங்குகிறதா, மேலே பார்த்தபடி ஒரு நிமிடம் வைத்தால் மேலும் தொங்குகிறதா, காலையைவிட மாலையில் மோசமா என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சாப்பிடாதவர், விடாமல் வாந்தி எடுப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்குக் கண்ணசைவு கெட்டால் தயாமின் (வைட்டமின் பி1) குறைபாட்டை நினைத்து அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது காத்திருக்காது.

கருவியில் பதிவு செய்யும்போது

நம் ஊரில் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி பெரும்பாலும் தலைசுற்றல் கிளினிக்குகளில் இருக்கும் வி.என்.ஜி.தான். அங்கே அனுப்பும்போது சீட்டில் இரண்டு வரி சேருங்கள். இரு கண்ணையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சில கருவிகள் ஒரு கண்ணை மட்டும் எடுக்கும். ஐ.என்.ஓ.வுக்கு அது உதவாது, ஏனென்றால் கேள்வியே ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான். கருவியின் அளவைக் கண்ணுக்கேற்பச் சரிசெய்யும் காலிபரேஷனும் ஒவ்வொரு கண்ணாக, மற்றதை மூடி, செய்ய வேண்டும். கண்கள் விலகியிருப்பவரை இரு கண்ணையும் திறந்துவைத்துக் காலிபரேட் செய்தால் எல்லா எண்ணும் பிசகும்.

ஆராய்ச்சிக் கூடங்களில் தாடையையும் நெற்றியையும் தாங்கியில் வைத்து, வினாடிக்கு 1000 முறை கண்ணை அளக்கும் கேமராக்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் வி.யு. பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 2018-இல் டீமன்ஸ் என்ற பெயரில் ஒரு பரிசோதனை வரிசையை வெளியிட்டார்கள். யார் செய்தாலும் ஒரே முறையில் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். சாதாரணத் தாவல், களைப்பைப் பார்க்கத் திரும்பத் திரும்பத் தாவவைப்பது, புள்ளி தோன்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்வது எல்லாம் அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது கடினம். புள்ளியைப் பார்க்கத் துடிக்கும் கண்ணை அடக்க மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும், அதனால் அதில் விழும் பிழைகள் கண்ணை மட்டும் அல்லாமல் கவனத்தையும் சிந்தனையையும் பற்றிச் சொல்லும்.

ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டிய எண் வி.டி.ஐ. வெளிப்பக்கம் போகும் கண்ணின் வேகத்தை உள்ளே வரும் கண்ணின் வேகத்தால் வகுத்தது அது. நல்ல கண்ணில் ஒன்றை ஒட்டியே இருக்கும், ஐ.என்.ஓ.வில் ஏறும். எவ்வளவு ஏறினால் கோளாறு என்பதை அந்தந்தக் கூடம் நலமானவர்களிடம் எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். வேறு கருவியின் எல்லைக்கோட்டைக் கடன் வாங்காதீர்கள்.

கிங்-டெவிக் அட்டைகளும் சில இடங்களில் உண்டு. எண்களை எவ்வளவு விரைவாகப் படிக்கிறார் என்று ஸ்டாப்வாட்சில் எடுப்பது. சுலபம்தான், ஆனால் நேரம் கூடினால் காரணம் கண்ணசைவா, பார்வை மங்கலா, பேச்சுத் தடுமாற்றமா என்று அது பிரித்துச் சொல்லாது. ஒரே ஆளை மாதங்கள் கழித்து ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

எழுதும் முறை

முதலில் அன்றைய நிலை: நேரம், களைப்பு, உடல் சூடு, மருந்து. பிறகு கண்டது. இப்படி எழுதலாம்: ‘நேர்ப்பார்வையில் விலகல் இல்லை, நிஸ்டாக்மஸ் இல்லை. பின்தொடர்தலில் வீச்சு முழுமை. இடப்பக்கத் தாவலில் வலக்கண்ணின் உள்நகர்வு மெதுவாக, இடக்கண்ணில் சில துடிப்பு. வலப்பக்கத் தாவல் சரி. குவிப்பு நன்று. லேசான வலப்பக்க ஐ.என்.ஓ.’ அடுத்த முறை பார்ப்பவருக்கு ‘ஃபுல்’ என்ற சொல்லால் தெரியாதது இதில் தெரியும். எம்.எஸ். பாதிப்பை அளக்க நரம்பியல் மருத்துவர் குர்ட்ஸ்கே 1983-இல் வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் மூளைத்தண்டுப் பிரிவுக்கு மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் இந்த வரிகள் வேண்டும்.

நோயாளி ‘என்ன வந்திருக்கு?’ என்று கேட்பார். கண்ணசைவை மட்டும் வைத்து எம்.எஸ். என்றோ, நோய் முற்றிவிட்டது என்றோ யாரும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.யும் மற்றவையும் சேர்த்து நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்வார். ‘உள்ளே திரும்புறப்ப வலது கண்ணு கொஞ்சம் லேட்டா வருது. டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். வண்டி ஓட்டுறப்ப பக்கவாட்டுல பாக்கணும்னா ஒரு நொடி நிதானிச்சுப் பாருங்க’ என்று சொல்லி அனுப்பலாம். புதிதாக இரட்டைப் பார்வை வந்து ஒரு நாளைத் தாண்டினாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்துப் பார்வை மங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். மறுபரிசோதனைக்குக் கூடுமானவரை அதே நேரத்தில், அதே அறையில் நாள் குறித்துக் கொடுங்கள்.